வளைந்து கொடுத்து ஏறும் மலை ரயில்

கால்காவிலிருந்து ஜாக்கூ உச்சி வரை

தில்லியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியதும் நம் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு யோசனைகள் கிளம்பும். ஊருக்குப் போகலாமா என்பது ஒன்று. தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் கிராண்ட் டிரங்கிலும் இடம் இல்லை என்று தெரிந்ததும், பக்கத்தில் ஏதாவது மலைக்குப் போகலாமா என்பது இரண்டாவது. மலை என்றால் முதலில் வாயில் வருவது சிம்லாதான். ஆனால் போகிறவர்களில் பலர் காஷ்மீரி கேட்டில் இரவு பஸ் ஏறி, தூங்கிக்கொண்டே போய், விடிந்ததும் மால் ரோட்டில் நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு ஏறும் சின்ன ரயிலை அவர்கள் நினைப்பதே இல்லை. "கால்காவிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். ரயிலில் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். அந்த அதிகப்படி இரண்டு மணி நேரத்தில் என்ன கிடைக்கிறது என்பதை, அண்மையில் என் தாயாரை அழைத்துக்கொண்டு போய்வந்த அனுபவத்தோடு சேர்த்து இங்கே சொல்கிறேன்.

குமாஸ்தாக்கள் போன பாதை

இந்த ரயிலுக்கும் தில்லித் தமிழருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1864-ல் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் காலத்தில் சிம்லா இந்திய சர்க்காரின் கோடைக்காலத் தலைநகராயிற்று. ஆண்டுதோறும் வெயில் தொடங்கியதும் கோப்புகள், மேஜைகள், அதிகாரிகள், குமாஸ்தாக்கள் எல்லாரும் கல்கத்தாவிலிருந்து மலை ஏறுவார்கள். தலைநகர் தில்லிக்கு மாறிய பிறகு தில்லியிலிருந்து ஏறுவார்கள். குளிர் வந்ததும் மறுபடி இறக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை இந்த வழக்கம் நீடித்தது. இப்படி ஏறி இறங்கியவர்களில் சென்னை ராஜதானியிலிருந்து வந்து சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்த நம்மவர்களும் இருந்தார்கள். தில்லியில் சில மூத்த குடும்பங்களில் "தாத்தா சிம்லாவில் வேலை பார்த்தார்" என்று பேச்சு வருவது இதனால்தான்.

ரயில் வருவதற்கு முன் கால்காவிலிருந்து சிம்லாவுக்குக் குதிரை பூட்டிய டோங்கா வண்டியில்தான் போக வேண்டும். தில்லி–அம்பாலா–கால்கா அகல ரயில் பாதை 1891-ல் வந்தது. அதே கம்பெனிதான் மலைப் பாதையையும் போட ஒப்பந்தம் செய்துகொண்டது. முதலில் இரண்டு அடி அகலத்தில் போடுவதாக இருந்தது. பீரங்கி, தளவாடங்களை ஏற்றிச் செல்ல அது போதாது என்று ராணுவத்தார் வற்புறுத்தியதால் இரண்டரை அடியாக மாற்றினார்கள். 1903 நவம்பர் 9-ஆம் தேதி, கர்ஸன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், போக்குவரத்து தொடங்கியது. செலவு முதலில் மதிப்பிட்டதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆகி, கம்பெனி தாக்குப் பிடிக்க முடியாமல் போயிற்று. 1906-ல் அரசாங்கமே பாதையை வாங்கிக்கொண்டது.

ஊட்டி ரயிலும் சிம்லா ரயிலும்

மலை ரயில் என்றால் நமக்குத் தெரிந்தது மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில்தான். இரண்டும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. நீலகிரி ரயில் 2005-லும் சிம்லா ரயில் 2008-லும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் ஏறும் முறையில் இரண்டும் வெவ்வேறு ஜாதி.

ஊட்டி ரயில் நேரே மலையின் மார்பில் ஏறும். 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் 6,000 அடிக்கு மேல் உயர்ந்து விடுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரத்துக்கு அந்த ஏற்றத்தில் பிடிப்பு இருக்காது. ஆகவே கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புச் சட்டம் போட்டு, என்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்திருக்கிறார்கள்.

சிம்லா ரயிலுக்குப் பல் சக்கரம் கிடையாது. சமவெளியில் ஓடுவது போலச் சக்கரம் தண்டவாளத்தைத் தேய்த்துக் கிடைக்கும் பிடிப்பில்தான் ஏறுகிறது. ஆகவே ஏற்றத்தை மிஞ்ச விடக்கூடாது. 33 அடிக்கு ஓர் அடி என்று வரம்பு கட்டினார்கள். கால்கா கடல் மட்டத்துக்கு மேல் 656 மீட்டர், சிம்லா சுமார் 2,075 மீட்டர். இடையிலுள்ள நாலாயிரத்து அறுநூறு அடி உயரத்தை அந்த வரம்புக்குள் ஏற வேண்டுமானால் பாதையைச் சுற்றிச் சுற்றி நீட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால்தான் 96 கிலோமீட்டருக்கு மேல் பாதை, 919 வளைவுகள், 102 குகைகள், 800-க்கு மேற்பட்ட பாலங்கள். சில வளைவுகளின் ஆரம் 38 மீட்டருக்கும் குறைவு. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தவர் ஜன்னல் வழியே பார்த்தால் முன்னே போகும் என்ஜின் தனக்கு எதிரே வருவது போலத் தெரியும்.

பாதை ஒரேயடியாக ஏறுவதும் இல்லை. தர்மபூர், குமார்ஹட்டி தாண்டிப் பரோக் வரை ஏறி, பிறகு சோலன் பக்கம் கொஞ்சம் இறங்கி, கண்டாகாட்டுக்கு அப்பால் மறுபடி ஏறத் தொடங்குகிறது. மலை எந்தப் பக்கம் இடம் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் போகிறது. மலையோடு மல்லுக்கு நிற்பதில்லை.

பரோக் துரையின் கதை

குகைகளில் பெரியது பரோக்கில் உள்ள 33-ஆம் நம்பர் குகை. நீளம் 1,143 மீட்டருக்குச் சற்று அதிகம். குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் உள்ள குழந்தைகள் எல்லாம் சேர்ந்து கூச்சல் போடுவதும், மறுமுனையில் வெளிச்சம் வந்ததும் வெட்கப்பட்டு அடங்குவதும் இந்த ரயிலில் நடைமுறை.

இந்தக் குகைக்கு ஒரு சோகக் கதை சொல்கிறார்கள். கர்னல் பரோக் என்ற என்ஜினீயர் மலையின் இரு பக்கமிருந்தும் குடைந்துகொண்டு வந்தாராம். நடுவில் சந்திக்க வேண்டிய இரண்டு குகைகளும் சந்திக்கவில்லை. சர்க்கார் பணத்தை வீணடித்தார் என்று அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் விதித்தார்கள். அவமானம் தாங்காமல் அவர் தம்மையே சுட்டுக்கொண்டார் என்பது கதை. பிறகு தலைமை என்ஜினீயர் ஹாரிங்டன் வேறு இடத்தில் குடைந்து வேலையை முடித்தார். அவருக்கு வழிகாட்டியவர் பால்கு என்ற மலைவாசி. எழுத்தறியாதவர், கையில் உள்ள தடியால் பாறையைத் தட்டிப் பார்த்தே உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்வாராம்.

கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கூட்டல் என்பது இருக்கட்டும். தவறவிட்ட துரையின் பெயரை ஸ்டேஷனுக்கு வைத்திருக்கிறார்கள். வழி சொன்ன மலைவாசியின் பெயரைச் சிம்லாவில் உள்ள ரயில்வே மியூசியத்துக்கு 2011-ல் வைத்தார்கள். நூறு ஆண்டு தாமதமானாலும் கணக்கு ஒருவாறு நேராகிவிட்டது.

பரோக்கில் வண்டி சற்று நிற்கும். கட்லெட்டும் டீயும் சூடாகக் கிடைக்கும். என் தாயார் கொண்டுவந்திருந்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை எதிர் ஸீட்டில் இருந்த அம்பாலாக் குடும்பம் கட்லெட்டுக்குப் பண்டமாற்று செய்துகொண்டது.

கல் வளைவுகள்

நம்மூரில் ரயில் பாலம் என்றால் இரும்புப் பாலம். இங்கே பெரும்பாலும் கல்தான். மலையிலேயே கல் கிடைக்கிறது. நீண்ட இரும்புத் தூலங்களை அந்தக் காலத்தில் மேலே கொண்டுவருவது பிரம்மப் பிரயத்தனம். மேலும் வளைந்து போகும் பாதைக்குச் சின்னச் சின்னக் கல் வளைவுகள் தோதாக அமைந்தன. ஓர் அடுக்கு வளைவுகளின் மேல் இன்னோர் அடுக்கு, அதன் மேல் மற்றோர் அடுக்கு என்று பழங்கால ரோமானியர் தண்ணீர்க் கால்வாய்க்குக் கட்டியது போலக் கட்டியிருக்கிறார்கள். சன்வாராவுக்கும் தர்மபூருக்கும் இடையே 226-ஆம் நம்பர் பாலம் ஐந்து அடுக்கு. கண்டாகாட்டுக்கும் கனோவுக்கும் இடையே 541-ஆம் நம்பர் பாலம் நான்கு அடுக்கு. ரயில் அதன் மேல் போகும்போது பாலம் தெரியாது. வளைவில் திரும்பியபின் பின்னால் பார்த்தால், "இதன் மேலா வந்தோம்!" என்று வாய் பிளக்க வேண்டியிருக்கும்.

ஆனால் 800 பாலங்களில் பெரும்பாலானவை இப்படிப் படம் எடுக்கத் தகுந்தவை அல்ல. ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு உள்ள சிறிய மதகுகள்தான். மேலிருந்து வரும் மழை நீர் பாதைக்கு அடியில் புகுந்து கீழே போக வழி விடுபவை. இந்தப் பாதையின் உயிர் அந்த மதகுகளில்தான் இருக்கிறது என்பதை எனக்கு ஒரு கீமேன் சொன்னார்.

"மண் நகர்ந்தால் சத்தம் கேட்காது"

எதிர் வண்டிக்காக எங்கள் ரயில் ஒரு சிறிய ஸ்டேஷனில் நின்றது. பிளாட்பாரத்தின் ஓரத்தில் சுத்தியலும் சாவியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்தக் கீமேன். அக்கம்பக்கத்து மலைக் கிராமத்துக்காரர். நானும் ரயில்வேதான், தில்லியில் ஆபீஸ் குமாஸ்தா என்று சொன்னதும், "வாங்க பாபுஜி" என்று ஹிந்தியில் வரவேற்று இடம் விட்டார்.

"மழைக்காலத்தில் எப்படி, பாயி சாஹப்?" என்று கேட்டேன்.

"கல் விழுந்தால் சத்தம் கேட்கும், பாபுஜி. ஓடிப்போய் சிவப்பு விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்திவிடலாம். மண் நகர்ந்தால் சத்தம் கேட்காது. மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலேயே தேங்கி, மெதுவாக உள்ளே இறங்கும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதனால் நாங்கள் தண்டவாளத்தைப் பார்ப்பதைவிட மதகைத்தான் அதிகம் பார்ப்போம். தண்ணீர் வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்றால்தான் பயம்" என்றார்.

மழைக்கால ரோந்து என்றால் என்ன என்பது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். வாசகர்களில் பலருக்குத் தெரியாது. இரவில் ஒரு ஆள் விளக்கு, விசில், கொடி, தண்டவாளத்தில் வைக்கும் வெடி ஆகியவற்றோடு தன் எல்லை முழுவதும் நடப்பார். எல்லையில் அடுத்த ஆளைச் சந்தித்து ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்பி நடப்பார். கொட்டும் மழையிலும் இதே வேலைதான். மலையில் இது குகைக்குள்ளும் பாலத்தின் மேலும் நடக்கும் நடை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு.

"மழை பிடித்துக்கொண்டால் நான் நடப்பேன். வீட்டில் அவள் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேருக்குமே டியூட்டிதான்" என்று சிரித்தார். அதற்குள் எதிர் வண்டி வந்துவிட்டது.

தொங்கிய தண்டவாளம்

அவர் பேச்சு வெறும் பேச்சல்ல என்பதற்கு 2023 ஆகஸ்ட் 14-ஆம் தேதியே சாட்சி. அன்று காலை பெருமழையில் சிம்லாவை அடுத்த சம்மர்ஹில்லில் மலைச்சரிவு ஏற்பட்டது. சிவன் கோயில் ஒன்றில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களை மண் மூடியது. இருபது பேர் மாண்டார்கள். அதே சரிவு ரயில் பாதைக்கு அடியில் இருந்த மண்ணை அடியோடு வாரிக்கொண்டு போயிற்று. தண்டவாளமும் கட்டைகளும் மட்டும் பள்ளத்தாக்கின் மேல் ஏணியைப் போல அந்தரத்தில் தொங்கின. அந்தப் படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரயில் மீண்டும் சிம்லா வரை போவதற்கு அக்டோபர் ஆயிற்று.

அதே மாதத் தொடக்கத்தில் பர்வாணூ அருகே சக்கி மோடில் நான்கு வழிச் சாலையின் ஒரு பகுதியே சரிந்து போய்ப் போக்குவரத்து அறுந்தது. சாலையை அகலமாக்குவதற்காக மலையைச் செங்குத்தாக வெட்டியதே காரணம் என்று பலர் குறை கூறினார்கள். ரயில் ஜன்னலிலிருந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். கீழே சாலை, மலையை வெட்டிய பச்சைக் காயத்தோடு. மேலே ரயில் பாதை, புல்லும் மரமும் மூடிய கரையில். சாலைக்கு அவசரம், நேரே போக வேண்டும். ரயிலுக்கு 919 வளைவுகள். மெதுவாகப் போவதற்காகப் பழிக்கப்படுகிற இந்தப் பாதை, மெதுவாகப் போகச் சம்மதித்ததனால்தான் 120 ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது.

ஆனாலும் சம்மர்ஹில்லில் அதற்கும் அடி விழுந்தது. மேலே வீடுகளும் கட்டடங்களும் பெருகி, தண்ணீர் போகும் வழிகள் அடைபட்டால், கீழே உள்ள பாதை எவ்வளவு பணிவாக வளைந்தாலும் தப்ப முடியாது. "மண்சரிவு, வண்டிகள் ரத்து" என்று எங்கள் அலுவலகங்களுக்கு ஒரு வரிச் செய்தி வரும். பதிந்துகொண்டு அடுத்த வேலைக்குப் போவோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருட்டில் மதகைத் தேடி நடந்த ஒரு மனிதர் இருக்கிறார்.

ஜாக்கூ உச்சியில் ஆஞ்சநேயர்

தாராதேவி, ஜுடோக், சம்மர்ஹில் கடந்து, 103-ஆம் நம்பர் குகையிலிருந்து வெளிப்பட்டால் சிம்லா ஸ்டேஷன். ஊரில் பார்க்க வேண்டியவை நிறைய. வைஸ்ராய் மாளிகையாக 1888-ல் எழுந்த கட்டடத்தில் இப்போது உயர் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. அதை 1965-ல் தொடங்கி வைத்தவர் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். ரயில்வேக்காரர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது பழைய ரயில்வே போர்டு கட்டடம். 1896–97-ல் இரும்புச் சட்டங்களால் கட்டியது. 2001-ல் தீப்பிடித்தபோது இரும்பாக இருந்ததால் தப்பியது.

ஊருக்கு மேலே நிற்கும் சிகரம் ஜாக்கூ. சிம்லாவின் மிக உயர்ந்த இடம், 2,455 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஊட்டி ஸ்டேஷனும் சிம்லா ஸ்டேஷனைவிட உயரம்தான். ஆனால் தொட்டபெட்டாவிலிருந்து பனிமலை தெரியாது. இங்கே தெரியும்.

ரிட்ஜ் மைதானத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தான ஏற்றம். 2017 முதல் ரோப் காரும் ஓடுகிறது. தாயாருக்கு வயது 68. ரோப் காரில் போய்விடலாம் என்றேன்.

"ஆஞ்சநேயரைப் பார்க்க வந்துட்டுத் தொட்டியில உட்கார்ந்து போறதா? மெதுவா நடக்கலாம்டா. ரயில் எப்படி வந்துச்சோ அப்படி" என்றார்.

தேவதாரு மரங்களின் நடுவே நின்று நின்று ஏறினோம். வழியில் குரங்குகளை விரட்டத் தடி வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்கிக்கொள்வது நல்லது. இங்குள்ள குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு, கடலை கொடுத்தால்தான் திருப்பித் தரும். எங்களுக்கு முன்னால் போன ஒருவர் இந்த வியாபாரத்தில் இரண்டு பொட்டலம் இழந்தார்.

சஞ்சீவி மூலிகை தேடிப் போன அனுமன் வழி கேட்பதற்காக இந்த மலையில் இறங்கினார் என்றும், யக்ஷ முனிவர் என்பவர் வழி சொன்னார் என்றும், அவர் பெயரே ஜாக்கூ என்று மருவியது என்றும் தல வரலாறு. கோயில் சிறியது. பக்கத்தில் 2010-ல் எழுப்பிய அனுமன் சிலை 108 அடி. நாமக்கல்லில் 18 அடி ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு அளவு. தேவதாரு உச்சிகளுக்கு மேலே செந்நிறமாகத் தெரியும் அந்தச் சிலையைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

வானம் தெளிவாக இருந்தால் வடக்கே பனிச்சிகரங்கள் வெள்ளைக் கோடாகத் தெரியும். தென்கிழக்கே சூர்தார் மலை. கிழக்கே குஃப்ரி. ஊட்டியில் பயிராகும் 'குஃப்ரி ஜோதி' உருளைக்கிழங்கின் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தவர்களுக்கு விடை அந்தக் குன்றுதான்.

சிம்லா நிற்கும் இந்த முகடு ஒரு நீர்ப்பிரிவு. ஒரு பக்கம் விழும் மழை சட்லெஜ் நதி வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. மறுபக்கம் விழும் மழை கிரி நதி வழியாக யமுனையில் சேர்ந்து, தில்லியைக் கடந்து, வங்கக் கடலுக்குப் போகிறது. அதாவது ஆர்.கே. புரத்திலும் கரோல்பாகிலும் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் இந்த மலையின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. இந்தச் சரிவுகள் நிற்பதும் சரிவதும் மலைவாசிகளின் கவலை மட்டுமல்ல என்று அங்கே நின்று பார்க்கும்போது புரிகிறது.

போகிறவர்கள் கவனிக்க

புது தில்லியிலிருந்து கால்கா சதாப்தியிலும், பழைய தில்லியிலிருந்து இரவு நேதாஜி எக்ஸ்பிரஸிலும் கால்கா போகலாம். 2021 வரை கால்கா மெயில் என்று பெயர் பெற்றிருந்த வண்டிதான் இந்த நேதாஜி. மலை ரயிலுக்கு முன்கூட்டியே ரிசர்வ் செய்வது அவசியம். பெட்டிகள் சிறியவை, கூட்டம் பெரிது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது வண்டிகள் திடீரென்று ரத்தாகும். பனிமலை தெரிய வேண்டுமானால் அக்டோபர், நவம்பர் ஏற்றது. மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். குகைச் சுவர் ஜன்னலுக்கு மிக அருகில் வருவதால் குழந்தைகள் கையை வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முக்கியமாக ஒன்று. ஜன்னலிலிருந்து தின்பண்டக் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் வீசாதீர்கள். எங்கும் சொல்லும் சுத்த உபதேசம் அல்ல இது. வீசிய பை மழையில் உருண்டு போய் அடைப்பது ஒரு மதகைத்தான். அதை இருட்டில் குனிந்து எடுப்பதற்கு ஓர் ஆள் நடக்க வேண்டியிருக்கிறது.